காதோரம் ஒரு டிரான்ஸ்மிட்டர்: செல்போன் அலைகளைப் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்?

செல்போன் என்பது அடிப்படையில் ஒரு ரேடியோ. டவரிலிருந்து வரும் அலையை வாங்கும், நம் குரலையும் நாம் அனுப்பும் படங்களையும் அலையாக மாற்றி டவருக்குத் திருப்பி அனுப்பும். வாங்குகிற வேலையால் உடலுக்குக் கூடுதலாக எதுவும் ஆவதில்லை. அந்த அலை போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கத்தான் போகிறது. கவனிக்க வேண்டியது அனுப்புகிற வேலையைத்தான். சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டரைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேசுகிறோம். அது விடுகிற அலையில் ஒரு பகுதி தலைக்குள் போகிறது. இதில் ரகசியமும் இல்லை, சர்ச்சையும் இல்லை. எவ்வளவு போகிறது, போய் என்ன செய்கிறது என்பவைதான் கேள்விகள்.

கதிர்வீச்சு என்றதும் எக்ஸ்ரேயும் அணு உலையும் நினைவுக்கு வருவதால், முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம். ரேடியோ அலை, நாம் காணும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ்ரே, காமா கதிர் எல்லாமே மின்காந்த அலைகள்தான். வேறுபாடு அதிர்வெண்ணில் இருக்கிறது. செல்போன்கள் பெரும்பாலும் 700 முதல் 3,800 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகளில் இயங்குகின்றன. 5ஜியின் சில வகைகள் 26,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே போகும். எந்த மின்காந்த அலையும் ஃபோட்டான் என்னும் சிறு பொட்டலங்களாகத்தான் ஆற்றலைக் கொண்டுவருகிறது. அதிர்வெண் கூடக்கூடப் பொட்டலம் பெரிதாகும்.

ஓர் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க வேண்டுமென்றால் அந்தப் பொட்டலத்தில் ஏறத்தாழ 10 எலெக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 2 இருக்கிறது. 1,000 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையிலோ 0.000004 மட்டுமே. அதாவது, மேசை விளக்கிலிருந்து நம் மேல் விழும் ஒளியின் ஒவ்வொரு பொட்டலமும் செல்போன் பொட்டலத்தைப் போல ஐந்து லட்சம் மடங்கு ஆற்றல் கொண்டது. போனின் திறனைக் கூட்டினால் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் அளவு கூடாது. அதனால் டி.என்.ஏ. இழையின் பிணைப்பை நேரடியாக அறுக்கும் வலு இந்த அலைக்குக் கிடையாது. எக்ஸ்ரேயையும் செல்போனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிற செய்தி எதுவாக இருந்தாலும் அங்கேயே தாண்டிப் போய்விடலாம்.

அப்படியானால் இந்த அலை உடலுக்குள் என்னதான் செய்கிறது? சூடாக்குகிறது. திசுக்களில் உள்ள நீர் மூலக்கூறுகள் அலையின் மின்புலத்துக்கு ஏற்ப அப்படியும் இப்படியும் திரும்பப் பார்க்கும்; அந்த உரசலில் வெப்பம் பிறக்கும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் இதே முறையில்தான், 2,450 மெகாஹெர்ட்ஸில். ஆனால் அடுப்பின் திறன் 700 முதல் 1,000 வாட். அதுவும் வெளியே சிதறாதபடி உலோகப் பெட்டிக்குள் அடைபட்டு. 4ஜி போன் முழு மூச்சில் அனுப்பினாலும் பொதுவாக 0.2 வாட்தான், அதுவும் நாலாபக்கமும் சிதறிப் போகும். சும்மா இருக்கும்போதே நம் மூளை சுமார் 20 வாட் வெப்பத்தை உண்டாக்கி, அதை ரத்த ஓட்டத்தின் வழியாக வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போனின் அலையால் மூளையின் வெப்பநிலை அதிகபட்சம் 0.1 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரலாம் என்பது கணக்கீடுகள் சொல்வது.

நீண்ட நேரம் பேசினால் காது சுடுகிறதே என்று கேட்பார்கள். அது பேட்டரியும் மின்சுற்றும் விடுகிற சூடு. கூடவே, கண்ணாடித் தகடு ஒன்று காற்றோட்டத்தை மறித்துக் காதில் ஒட்டிக்கொண்டிருப்பதால் வருகிற சூடு. 2008இல் சில போன்களை வட்டமாக வைத்து ஒலிக்கவிட்டதும் நடுவில் இருந்த சோளம் பொரிவதாக ஒரு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அது புளூடூத் ஹெட்செட் விற்கும் நிறுவனம் ஒன்று எடுத்த விளம்பரம். இன்னமும் அது யாராவது ஒருவருடைய குடும்பக் குழுவில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

போன் எப்போது கத்துகிறது?

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் ஒரே ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: போன் எப்போதும் ஒரே அளவில் அலையை விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லப் பேசி, தெருமுனையில் நிற்பவரிடம் குரலை உயர்த்துகிற மாதிரி, டவருக்கு எட்டுகிற அளவுக்கு மட்டும்தான் போன் திறனைச் செலவழிக்கும். பேட்டரியை மிச்சப்படுத்தவும், மற்ற போன்களின் அழைப்புகளில் குறுக்கிடாமல் இருக்கவும் செய்த ஏற்பாடு இது. 3ஜி தொழில்நுட்பத்தில் டவர் ஒரு நொடிக்கு 1,500 தடவை ‘கூட்டு’, ‘குறை’ என்று போனுக்கு உத்தரவு போடுகிறது.

பழைய 2ஜி போன்கள் 900 மெகாஹெர்ட்ஸில் உச்சத்தில் 2 வாட் வரை விட்டன. எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் அனுப்பியதால் சராசரி 0.25 வாட். அப்புறம் வந்த 3ஜி, 4ஜி போன்களின் உச்சமே பொதுவாக 0.2 வாட்தான். அதைவிட முக்கியம், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இவை உச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில் போனைப் பற்றிய தகவல் பகுதிக்குள் சிம் நிலவரம் என்று ஓர் இடம் இருக்கும். அங்கே சிக்னலின் வலு டிபிஎம் என்ற அலகில், மைனஸ் குறியோடு காட்டப்படும். ஜன்னலோரம் நிற்கும்போது மைனஸ் 80 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே போனை எடுத்துக்கொண்டு அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கினால் மைனஸ் 110 என்று ஆகலாம். பார்க்க 30தான் வித்தியாசம். ஆனால் இந்த அலகில் ஒவ்வொரு 10க்கும் பத்து மடங்கு என்று அர்த்தம். ஆக, 30 என்பது ஆயிரம் மடங்கு. டவரின் அலை ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துதான் கீழே வந்து சேர்கிறது. போனின் அலையும் அதே பாதையில்தான் மேலே போக வேண்டும். எனவே போன் தன்னால் முடிந்த மட்டும், உச்சவரம்பு வரை, திறனைக் கூட்டும். லிஃப்ட், அடித்தளம், கனமான சுவர்களுக்கு நடுவே உள்ள அறை, வேகமாக ஓடும் ரயில் ஆகிய இடங்களில் போன் சீக்கிரம் சார்ஜ் இறங்குவதற்கு ஒரு காரணம் இதுதான்.

ஆகவே ‘ஒரு நாளில் எத்தனை நிமிடம் பேசினேன்’ என்பதைவிட ‘எங்கிருந்து பேசினேன்’ என்பது பெரிய கேள்வி. நல்ல சிக்னலில் ஒரு மணி நேரம் பேசியதில் உடல் வாங்கியதைவிட, ஒற்றைக் கோடு சிக்னலில் ஐந்து நிமிடம் பேசியதில் வாங்கியது அதிகமாக இருக்கலாம்.

விலக்கிப் பிடித்தாலே பாதி வேலை முடிந்தது

அடுத்தது தூரம். ஆன்டெனாவிலிருந்து விலகிப் போகும்போது அலை பரந்து விரிகிறது. சற்றுத் தள்ளிப் போனபின், தூரம் இரட்டிப்பானால் செறிவு நான்கில் ஒன்றாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். காதில் ஒட்டியிருக்கும் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து ஸ்பீக்கரில் பேசினால் தலைக்குள் போவது மிகச் சிறிய பின்னமாகிவிடும். வயர் ஹெட்செட்டும் அதே பலனைத் தரும். பலர் பயப்படுகிற புளூடூத் இயர்போனும் ஓர் அலைக்கருவிதான், ஆனால் அது பேசுவது சட்டைப்பையில் இருக்கும் போனோடு. கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள டவரோடு அல்ல. சில மில்லிவாட் அதற்குப் போதும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹெட்செட் மாட்டிக்கொண்டு போனை இடுப்போடு ஒட்டிய பையில் வைத்தால், தலைக்குப் போகாதது இடுப்புக்குப் போகும். மேசை மேல் வைத்துவிட்டுப் பேசுவதே உத்தமம்.

எஸ்.ஏ.ஆர். எண்ணை எப்படிப் படிப்பது?

போன் பெட்டியிலோ இணையப் பக்கத்திலோ எஸ்.ஏ.ஆர். என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பல போன்களில் *#07# என்று அழுத்தினாலும் வரும். ஒரு கிலோ உடல் திசு எத்தனை வாட் அலையாற்றலை உறிஞ்சுகிறது என்பதன் அளவு அது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் தலைக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக. ஐரோப்பாவில் 2 வாட், ஆனால் 10 கிராம் திசுவின் சராசரியாக. இரண்டும் வேறு வேறு விதமாக அளப்பவை, அதனால் இந்த எண்ணையும் அந்த எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

அளக்கும் விதம் சுவாரசியமானது. மனிதத் தலை வடிவில் ஒரு பிளாஸ்டிக் அச்சு. அதற்குள், மூளைத் திசுவின் மின்பண்புகள் கொண்டதாகத் தயாரித்த திரவம். அச்சின் காதுப் பக்கத்தில் போனைப் பொருத்தி, முழுத் திறனில் அனுப்பவைப்பார்கள். ஒரு ரோபோ கை, நுனியில் உணரியோடு, திரவத்துக்குள் புள்ளி புள்ளியாக நகர்ந்து மின்புலத்தை அளக்கும். எல்லாப் பட்டைகளிலும், வலது இடது என இரு காதுகளிலும் இப்படி அளந்து, கிடைத்தவற்றில் ஆக உயர்ந்த எண்ணைத்தான் அச்சிடுகிறார்கள். எனவே 0.6 என்று போட்டிருக்கும் போன் 1.2 போட்ட போனைவிட அன்றாடத்தில் பாதி அளவுதான் தரும் என்று கணக்குப் போட முடியாது. டவரோடு சரியாகத் தொடர்புகொள்ளத் தெரியாத 0.6 போன், திறமையான 1.2 போனைவிட அதிகமாகவே விடக்கூடும். வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த எண். இரண்டு போன்களில் எதை வாங்குவது என்று முடிவுசெய்ய இதைப் பயன்படுத்துவது வீண்.

வரம்பு எங்கிருந்து வந்தது? முழு உடலும் கிலோவுக்கு 4 வாட் உறிஞ்சினால் உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி உயரும் என்பது தொடக்கப்புள்ளி. சர்வதேச வழிகாட்டு நெறியில் பொதுமக்களுக்கான முழு உடல் வரம்பு 0.08 வாட், அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. தலைக்கு 20 வாட்டை அடிப்படையாகக் கொண்டு, பத்தில் ஒரு பங்கான 2 வாட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் பிரான்ஸ் ஐபோன் 12 விற்பனையை நிறுத்தச் சொன்னது நினைவிருக்கலாம். கையில் பிடித்திருக்கும் நிலைக்கான சோதனையில் எஸ்.ஏ.ஆர். கிலோவுக்கு 5.74 வாட் வந்தது. கைகால்களுக்கான ஐரோப்பிய வரம்பு 4 வாட். ஆப்பிள் மென்பொருளைத் திருத்தித் தந்ததும் விற்பனை தொடர்ந்தது. விதிமீறல் என்பதில் சந்தேகமில்லை, பிடித்ததும் சரிதான். ஆனால் அந்தப் போனை வைத்திருந்தவர்களுக்கு ஆபத்து வந்துவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. பாதுகாப்பு இடைவெளி என்று விட்டுவைத்ததில் கொஞ்சம் கரைந்தது, அவ்வளவுதான்.

டவரைப் பற்றி ஒரு பத்தி போதும். டவர் ஆன்டெனாக்கள் அலையைப் பக்கவாட்டில், லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து அனுப்புகின்றன; நேர் கீழே குறைவாகவே விழும். பொதுமக்கள் நடமாடும் இடங்களில் டவர் அலைகளின் அளவு சர்வதேச வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் தொகுத்துச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், டவர் வேண்டாம் என்று விரட்டினால் பக்கத்தில் இருக்கும் எல்லாப் போன்களும் தூரத்து டவரை எட்ட அதிகத் திறனில் அனுப்பும், அதுவும் காதோரத்தில். 5ஜியின் உயர்ந்த பட்டைகள் தோலில் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டுவதில்லை. 2020இல் பிரிட்டனில் கொரோனாவுக்கு 5ஜிதான் காரணம் என்று நம்பி டவர்களைக் கொளுத்தினார்கள். அதைப் பற்றி என்ன சொல்ல.

சரி, புற்றுநோய்?

2011 மே மாதம் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகளை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு’ என்பது அந்தப் பிரிவு. சோற்றுக்கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. தலைப்புச் செய்திகளில் இந்த வித்தியாசம் காணாமல்போய்விட்டது.

அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த முக்கிய ஆய்வுகளில் ஒன்று, 13 நாடுகளில் நடந்து 2010இல் வெளியான இன்டர்ஃபோன். மூளைக் கட்டி வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் முன்பு எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டார்கள். மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. ஆக அதிகம் பேசிய பத்தில் ஒரு பங்கினரிடம், அதாவது வாழ்நாளில் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொன்னவர்களிடம், கிளையோமா என்ற கட்டிக்கான வாய்ப்பு 40 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அந்தப் பிரிவில் சிலர் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் பேசியதாகச் சொல்லியிருந்தார்கள். நம்பக் கஷ்டமான கணக்கு. நோய் வந்தவர் காரணத்தைத் தேடும்போது பழைய பழக்கத்தைப் பெரிதாக நினைவுகூர்வது இயல்பு. நினைவை மட்டும் நம்பும் ஆய்வுகளின் பலவீனம் இது.

அதனால் பின்னால் வந்த ஆய்வுகள் நோய் வருவதற்கு முன்பே ஆட்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தன. டென்மார்க்கில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள், பிரிட்டனில் ஏழே முக்கால் லட்சம் பெண்கள், ஐந்து ஐரோப்பிய நாடுகளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர். எதிலும் மூளைக் கட்டிகள் கூடவில்லை. 2024இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்வித்த தொகுப்பாய்வு, 1994 முதல் 2022 வரையிலான 63 ஆய்வுகளை அலசி, பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் தொடர்பு இல்லை என்றது. எனக்கு இவை எல்லாவற்றையும்விட எளிமையான சான்றாகப் படுவது ஒன்று உண்டு: ஸ்வீடன், டென்மார்க் போன்ற நோர்டிக் நாடுகளின் புற்றுநோய்ப் பதிவேடுகள். அங்கே செல்போன் கிட்டத்தட்ட எல்லோர் கைக்கும் வந்த பிறகும் மூளைக் கட்டிகளின் வீதம் அதற்கேற்ப எகிறவில்லை.

எதிர்த்தரப்பில் அடிக்கடி காட்டப்படுவது 2018இல் முடிந்த அமெரிக்க எலி ஆய்வு. ஆண் எலிகளின் இதயத்தில் ஓர் அரிய வகைக் கட்டி அதிகமாகக் காணப்பட்டது உண்மை. அந்த எலிகள் தினம் ஒன்பது மணி நேரம், இரண்டு ஆண்டுகள், முழு உடலிலும் கிலோவுக்கு 6 வாட் வரை வாங்கின. மனிதர்களுக்கான முழு உடல் வரம்பில் அது 75 மடங்கு. அலை வாங்கிய ஆண் எலிகள், வாங்காத எலிகளைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. அதைச் சொல்பவர்களைத்தான் காணோம்.

என்ன செய்யலாம்

இவ்வளவுக்குப் பிறகும் எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறவர்களை நான் கேலிசெய்ய மாட்டேன். குறிப்பாகக் குழந்தைகள் விஷயத்தில். அவர்களுடைய மண்டையோடு மெல்லியது, இனி போனோடு கழிக்கப்போகும் ஆண்டுகளும் அதிகம். நல்ல வேளையாக, குறைப்பதற்கான வழிகள் இலவசம். நீண்ட அழைப்பை ஸ்பீக்கருக்கோ ஹெட்செட்டுக்கோ மாற்றுங்கள். சிக்னல் ஒற்றைக் கோட்டில் இருந்தால் ஜன்னலோரம் வந்தபின் கூப்பிடுங்கள், அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். குழந்தை கையில் வீடியோ பார்க்கக் கொடுப்பதாக இருந்தால் முன்பே தரவிறக்கிவிட்டு ஏரோபிளேன் மோடில் போடலாம். வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்திருந்தால் அலை அனுப்புவது நின்றுவிடும். இரவில் போனைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு அலையைவிட நல்ல காரணங்கள் இருக்கின்றன: பேட்டரியின் சூடு, கெட்டுப்போகும் தூக்கம்.

காசு கொடுத்து வாங்கக் கூடாதது ஒன்று: போனின் பின்புறம் ஒட்டுகிற ‘கதிர்வீச்சு எதிர்ப்பு’ ஸ்டிக்கரும் சிப்பும். அவை உண்மையிலேயே அலையைத் தடுத்தால் போன் டவரை எட்ட முடியாமல் திறனைக் கூட்டும். தடுக்காவிட்டால் காசு போச்சு. அமெரிக்காவின் வணிக ஆணையமே இதைச் சொல்லி நுகர்வோரை எச்சரித்திருக்கிறது.

போனால் உயிருக்கு வரும் ஆபத்து என்றால் எனக்கு முதலில் தோன்றுவது சாலைதான். வண்டி ஓட்டும்போது போனைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பேஸ்மேக்கரோ, இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் ஐ.சி.டி. கருவியோ பொருத்தியவர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. இங்கே அலையைவிட, சில புதிய போன்களின் முதுகில் உள்ள காந்தத்தின் மேல்தான் கண் வைக்க வேண்டும். ஐபோன் 12ஐ மார்பருகே கொண்டுபோனதும் ஐ.சி.டி. தன் சிகிச்சையை நிறுத்திக்கொண்டதை 2021இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். போனுக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்கட்டும். சட்டைப்பையில் போன் வேண்டாம். கருவி இடது மார்பில் இருந்தால் வலது காதில் வைத்துப் பேசுங்கள்.